வால்வுக்கு வச்ச பொட்டு

ஹேங் ஆயிருச்சுக்கா. ரெண்டு நிமிஷம் உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தப் பக்கம் வாங்க, ஃபேன் காத்து வரும்.

கவலைப்படாதீங்க, உங்க காதுகுத்துப் பத்திரிகை எங்கயும் போயிராது. தாய்மாமன் பேரு வரைக்கும் சேவ் பண்ணிட்டேன். அந்தப் பேரை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கும்மான்னு சொன்னீங்க பாருங்க, அதுலதான் இதுக்கு மூச்சு முட்டிருச்சு. எங்க சித்தப்பா இந்தக் கடையை எடுக்கும்போதே கூட வந்த சிஸ்டம். கடைக்குச் சீதனம் மாதிரி.

சிரிக்காதீங்க. இதைவிடக் கெழட்டுக் கம்ப்யூட்டரையெல்லாம் பாத்தவ நான். பாத்தவ என்ன, ஓட்டுனவ. சரி, ஓட்டுனது நான் இல்ல. ஓடும்போது பக்கத்துல நின்னு போட்டோ புடிச்சவ. ஆனா கேம்பஸ்ல போயிக் கேட்டுப் பாருங்க, "சௌபர்ணிகா ஓட்டுன கம்ப்யூட்டர்"னுதான் சொல்லுவாங்க. அப்படிப் பரப்பி விட்டதும் நாந்தான்.

எதிர்ல யுனிவர்சிட்டி கேட்டு தெரியுதுல்ல. அதுக்குள்ள போயி, தண்ணி டேங்கைத் தாண்டுனா பழைய எலக்ட்ரிக்கல் பிளாக். அங்கதான் இருக்கு. அறுபது வருஷத்துக்கு முன்னாடி அங்க இருந்த வாத்தியாருங்களும் பசங்களும் சேந்து கையாலயே கட்டுனது. கம்ப்யூட்டரை யாராவது கட்டுவாங்களான்னு பாக்காதீங்க. இதைக் கட்டத்தான் முடியும். ஒன்பது பீரோக்கா. இரும்பு பீரோ, பட்டுச்சேலை வச்சுப் பூட்டுவோம்ல, அந்த ஒசரம். ஒவ்வொண்ணுக்குள்ளயும் வரிசை வரிசையா வால்வு. பழைய ரேடியோவோட முதுகைக் கழட்டுனா உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி செவப்பா எரியும் பாருங்க, அதேதான். நூத்துக்கணக்குல. உங்க ஃபோனுக்குள்ள ஒரு சிப்பு செய்யற வேலையை அந்தக் குப்பிங்க எல்லாம் சேந்து செய்யும். மெதுவா, சூடா, அப்பப்பத் தப்பா.

என்ன வேலையா? கூட்டும். பெருக்கும்.

அவ்வளவுதான்க்கா. இதைச் சொன்னா எல்லாரும் இப்படித்தான் பாக்கறாங்க. எங்க அப்பாவும் இப்படியேதான் பாத்தாரு. "ஒன்பது பீரோ இருந்தா நான் நகைக்கடை வச்சிருப்பேன்"ன்னாரு.

எனக்கு அது மேல எப்படிப் பைத்தியம் புடிச்சுதுன்னா, அது ஒரு கேவலமான கதை. நான் எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ். ஒரு நாள் செமினாருக்குப் படிக்காம வந்துட்டு, சார் கண்ணுல படாம ஒளியறதுக்கு எடம் தேடுனேன். அந்த ஹாலு தொறந்து கெடந்துச்சு. உள்ள போனா தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்காங்க. தார்ப்பாயைத் தூக்குனேன். அப்படியே நின்னுட்டேன்க்கா. ஒரு மனுசன் கை வச்சு ஒவ்வொரு வயரா வளைச்சு, நூல் போட்டுக் கட்டி வச்சிருக்கான். பூக்கட்டற மாதிரி. செமினார் முடிஞ்சும் நான் வெளிய வரல.

எங்க வீட்ல யாரும் நம்பல. ஏன்னா அதுக்கு முந்தின வருஷம் நான் காளான் வளத்தேன். அதுக்கு முந்தி உக்குலேலேன்னு ஒரு சின்ன கிடாரு. காளான் கட்டில் அடியில கறுத்துப் போச்சு, கிடாரு இன்னும் பரண்ல இருக்கு. "இது எத்தனை மாசத்துக்கு கண்ணு?"ன்னு எங்க அம்மா கேட்டாங்க. நான் கோவமா, "வாழ்நாள் பூரா"ன்னேன். அம்மா போயி அடுப்பைப் பாத்தாங்க.

ஆ, சிஸ்டம் வந்துருச்சு. சொல்லுங்க, தாய்மாமனுக்கு அப்புறம் யாரு? பெரியப்பா. பேருக்கு முன்னாடி என்ன போடட்டும்? "முன்னாள் கவுன்சிலர்". போட்டாச்சு. இப்ப அவரு தாய்மாமனைவிடப் பெரிசாத் தெரியறாரேக்கா. சரி சரி, கொறைச்சுடறேன். சொந்தக்காரங்க சண்டை என் கீபோர்டுல வேண்டாம்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங். இம்தியாஸ்.

இம்தின்னு ஒருத்தன் இருக்கான்க்கா. எலக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட். அவங்க அத்தா போத்தனூர்ல ரொம்ப வருஷமா மைக்செட் கடை வச்சிருக்கறவரு. அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு நடுவுலயே வளந்ததால அவனுக்கு வால்வுன்னா பயமே கெடையாது. நான்தான் போயி இழுத்துட்டு வந்தேன். "இம்தி, நாம ரெண்டு பேரும் சேந்து இதை எழுப்பறோம்"னேன். அவன் மெஷினைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தான். "எலி கடிச்சிருக்கு"ன்னான். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாள் கைல சால்டரிங் அயனோட வந்து உக்காந்துட்டான்.

வேலையைச் சமமாப் பிரிச்சுக்கிட்டோம். வயரு, கண்டன்சரு, பவர் சப்ளை, எந்த வால்வு உசுரோட இருக்கு, எது செத்துருச்சு, இதெல்லாம் அவன். வாட்ஸப் குரூப்பு, இன்ஸ்டா பேஜு, டி-ஷர்ட்டு, மெஷினுக்குப் பேரு வைக்கறது, இதெல்லாம் நான். சமம்தானே? பேரு "அடுப்பு". பத்த வச்சா அந்த ஹாலுக்குள்ள நிக்க முடியாது, அந்தச் சூடு. டி-ஷர்ட்டுல "அடுப்பு எரியுது"ன்னு போட்டேன். ஹாஸ்டல் மெஸ்காரங்க எங்களைக் கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சுக்கிட்டாங்க.

ஏன் இவ்வளவு வேகம்னா, அந்த ஹாலை எடுக்கப் போறாங்க. ஆன்லைன் பரீட்சை சென்டர் கட்டணுமாம். ஒரு கமிட்டி போட்டிருக்காங்க. விஜயதசமிக்கு அடுத்த நாள் அவங்க வந்து பாப்பாங்க. மெஷினு ஓடுனா, அந்த ஹால்லயே மியூசியமா வச்சுக்கலாம். ஓடலேன்னா பழைய இரும்பு. எடைக்கு. அந்த வயரு, அந்த நூல் கட்டு எல்லாம் எடைக்கு போயிரும்க்கா. எனக்கு ராத்திரி சோறு எறங்கல. எறங்குச்சு, ஆனா கம்மியா.

ஜூன்ல ஆரம்பிச்சு, ஒரேயடியா கரண்ட்டைக் கொடுக்காம கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, ஒவ்வொரு பீரோவா எழுப்பிக்கிட்டு வந்தான். நவராத்திரி ஆரம்பிக்கறதுக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், "சௌபி, ஒரு கணக்கு சொல்லு"ன்னான். எனக்கு அந்த நேரத்துல ஒரு கணக்கும் வரல. "ஏழும் அஞ்சும்"னேன். ஸ்விட்சை வரிசையாத் தட்டுனான். முன்னாடி சின்னச் சின்ன ஆரஞ்சு பல்பு இருக்கும். நாலு பல்புல மொத ரெண்டு எரிஞ்சுது, அடுத்த ரெண்டு எரியல. மொத பல்பு எட்டு, அடுத்தது நாலு, அதுக்கு அர்த்தம் பன்னெண்டு. நான் அழுத அழுகையில வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்து "வீட்ல யாருக்காவது ஏதாச்சுமா கண்ணு?"ன்னு கேட்டாரு. "அண்ணா, பன்னெண்டு"ன்னேன். அவரு இம்தியைப் பாத்தாரு. "ஒண்ணுமில்லண்ணா, விடை சரியா வந்துருச்சு"ன்னான் அவன். அவனும் சிரிச்சான். அவன் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

அதுல இருந்து மெஷினு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அணைக்கவே இல்ல. ஏன்னா அந்தக் குப்பிக்குள்ள முடி மாதிரி ஒரு கம்பி இருக்கு. சூடாகி ஆறும்போது, ஆறிச் சூடாகும்போது அது அறுந்துரும். நம்ம வீட்டு குண்டு பல்பு எப்பப் போகும்? எரிஞ்சிட்டு இருக்கும்போதா போகும்? ஸ்விட்சைப் போடும்போது பட்டுன்னு போகும்ல. அதே சங்கதி. அதனால எரிஞ்சா எரிய விடணும். நாங்க முறை போட்டுப் பாத்துக்கிட்டோம். என் முறையில நான் ரீல்ஸ் எடுத்தேன்.

இப்பத்தான்க்கா விஷயத்துக்கு வர்றேன். அடுத்த பேரு சொல்லுங்க. சின்ன மாமா. இவரு என்ன முன்னாள்? ஒண்ணும் இல்லையா. பாவம். வெறும் பேரா இருந்தா நல்லா இருக்காது, "தொழிலதிபர்"னு போட்டுரட்டுமா? என்ன தொழில்? தேங்காய் மண்டியா. அதெல்லாம் தொழிலதிபர்தான்.

ஆயுத பூஜை வந்துச்சு. எல்லா லேப்லயும் போடுவாங்க. எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. யோசனை வந்தா நான் அதோட சும்மா இருந்ததில்ல, அதான் என் ஜாதகம். அடுப்புக்கு ஆயுத பூஜை போட்டா எப்படி இருக்கும்? ஒன்பது பீரோவுக்கும் சந்தனம் குங்குமம், வாழைக்கன்னு, செவ்வந்தி மாலை, நடுவுல செவப்பா எரியற வால்வு. போட்டோ ஊரெல்லாம் போகும். கமிட்டிக்காரங்க வீட்டு ஃபோனுக்கே போகும். எங்க ஹெச்.ஓ.டி. சென்னியப்பன் சார்கிட்டச் சொன்னேன். நல்ல மனுசன்க்கா. நெத்தி நெறையத் திருநீறு, வாய் நெறைய "கண்ணு". அவருக்கு அப்படியே குளுந்து போச்சு. "நம்ம ஆளுங்க கட்டுன மெஷின் கண்ணு, முறையாவே பண்ணிருவோம்"னாரு.

முறையான்னா என்ன? பூஜைக்கு வச்ச பொருளை ஓட்டக் கூடாது. புஸ்தகத்தைப் பூஜையில வச்சா படிப்போமா? அரிவாளை வச்சா தொடுவோமா? விஜயதசமி காலைல எடுத்துத்தான் மறுபடி தொடங்கணும். நமக்கெல்லாம் தெரிஞ்சதுதானே. சார் சொன்னாரு, "அன்னிக்கு மட்டும் அணைச்சு வச்சு, அடுத்த நாள் நல்ல நேரத்துல போடுவோம்"னு. நானும் "சூப்பர் சார்"னு சொல்லிட்டு வாழைக்கன்னு வாங்க ஓடிட்டேன்.

இந்த எடத்துலதான் எனக்கு இம்தி மேல தீராத வருத்தம்.

மாடிப்படியில வர்றேன். கைல ரெண்டு வாழைக்கன்னு, அக்குள்ல பொரிப் பொட்டலம். இம்தி எதிர்ல வந்தான். ஒரு கன்னை வாங்கிக்கிட்டான். வாங்கிக்கிட்டு, "சௌபி, அணைக்க வேண்டாம். பொட்டு வச்சுக்கட்டும், மாலை போட்டுக்கட்டும். ஓடிட்டே இருக்கட்டும். நீ சார்கிட்டச் சொல்லு"ன்னான். இதை எப்படிச் சொன்னான் தெரியுமா? சட்னியில உப்பு கொஞ்சம் கொறையுதுன்னு சொல்லுவோமே, அப்படி. "ஏன், நீயே சொல்லேன், நீதானே எக்ஸ்பர்ட்டு"ன்னேன். என்னைப் பாத்தான். சும்மா பாத்தான், கன்னை ஒரு தோள்ல இருந்து இன்னொரு தோளுக்கு மாத்திக்கிட்டான். மேல ஏறிட்டான்.

இப்பச் சொல்லுங்க. அவ்வளவு பெரிய விஷயத்தை இப்படியா சொல்லுவாங்க? கத்த வேண்டாமா? மெஷினு செத்துரும்டி எருமைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு உறைச்சிருக்கும்ல?

அதுகூடப் போகட்டும்க்கா. பூஜையன்னிக்கு அவனுக்கு இன்னொரு வாய்ப்பு கெடச்சுது. ஹாலு நெறைய ஆளு. டீச்சருங்க, ஆபீஸ் ஸ்டாஃப், பசங்க. சென்னியப்பன் சார் எல்லார் முன்னாடியும் அவனைக் கூப்பிட்டாரு. "தம்பி, நீங்கதான் இதுக்கு டாக்டரு. அணைச்சரலாமா? உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?"ன்னு கேட்டாரு. எவ்வளவு மரியாதை பாருங்க. என்னைக் கண்ணுன்னு கூப்பிடறவரு, அவனை வாங்க போங்கன்னு. எல்லாரும் அவனையே திரும்பிப் பாக்கறாங்க. சொல்றதுக்கு இதைவிட நல்ல நேரம் கெடைக்குமா? அவன் என்ன சொன்னான்? "எனக்கென்ன சார்"ன்னான். சொல்லிட்டு அவனே போயி அணைச்சான். அணைக்கறதுக்கும் ஒரு வரிசை இருக்கு, பெரிய வோல்ட்டேஜை மொதல்ல எறக்கணும், சூடேத்தற கரண்ட்டைக் கடைசியா. அது அவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பீரோவா செவப்பு மங்கிக்கிட்டே போச்சு. அவன் கடைசி பீரோகிட்ட ரொம்ப நேரம் நின்னான். நான் அதையும் வீடியோ எடுத்தேன். நல்ல ஷாட்டு.

பூஜை ஜோராத்தான் நடந்துச்சு. யுனிவர்சிட்டி பஸ்ஸு ஓட்டற முனுசாமி அண்ணன்தான் எப்பவும் முன்னாடி நின்னு செய்வாரு. அவரு நாலு எலுமிச்சம்பழத்தோட வந்து நிக்கறாரு. சக்கரத்துக்கு அடியில வைக்கணுமாம். "அண்ணா, இதுக்குச் சக்கரம் இல்ல"ன்னேன். "சக்கரம் இல்லாம எப்படிம்மா ஓடும்?"னாரு. "இது ஓடாதுண்ணா, நின்ன எடத்துல நின்னு கூட்டும்." "அதுக்கு எதுக்கும்மா ஓடுது ஓடுதுன்னு போஸ்டரு ஒட்டுன?" எல்லாரும் சிரிச்சாங்க. கடைசில பீரோ காலுக்கு ஒண்ணு வச்சு, ஓரமா நின்ன நாலு பசங்களைக் கூப்பிட்டு, ஒரு விரக்கடை நகத்தி நசுக்கியே விட்டாரு. வராண்டாவுல பூசணிக்காய். சுண்டல். இம்தி சூடம் காட்டும்போது வெளிய வராண்டாவுல நின்னுட்டு இருந்தான். கூட்டம்னா அவனுக்கு ஆகாது. சுண்டல் கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டான். சாப்பிட்டானான்னு நான் பாக்கல.

என் பங்குக்கு நான் என்ன பண்ணேன்னா, பீரோவுக்குப் பொட்டு வச்சா போதாதுன்னு, எட்டுற வால்வுக்கெல்லாம் ஒரு பொட்டு. மோதிர விரல்ல சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு. மறுநாள் விஜயதசமி காலைல வந்து பாத்தா எல்லாம் காஞ்சு உதுந்து கெடக்கு. போட்டோவுக்கு நல்லா இருக்காதேன்னு மறுபடி ஈரமா வச்சேன். இம்தி வர்றதுக்கு முன்னாடியே வந்து வச்சேன்க்கா, அவ்வளவு ஆர்வம்.

நல்ல நேரம் பாத்து சார் "போடுங்க தம்பி"ன்னாரு. இம்தி போட்டான்.

மொதல்ல வாசனை வந்துச்சு. சந்தனம் சூடாகி அந்த பிளாக்கே கோயில் மாதிரி மணக்குது. சார் கண்ணை மூடிக் கும்பிட்டாரு. அப்புறம் ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்ல. நெகம் வெட்டற சத்தம். டிக். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் அங்கயும் இங்கயுமா. சினிமாவுல வர்ற மாதிரி வெடிக்கும், பொகை வரும்னு நீங்க நெனப்பீங்க. ஒண்ணுமே இல்லக்கா. செவப்பா எரிய வேண்டிய வரிசையில அங்கங்க பல்லு விழுந்த மாதிரி இருட்டு. சில குப்பி வெள்ளையாவே மாறிருச்சு. சூடேறற கண்ணாடியில ஈரம் இருந்தா கீறல் விடும், கீறல் வழியா உள்ள காத்து நுழைஞ்சா, மேல இருக்கற வெள்ளிப் பூச்சு பால் மாதிரி வெளுத்துரும். வெளுத்தது எல்லாத்துலயும் ஒரு பொட்டு இருந்துச்சு.

இம்தி மண்டி போட்டு டார்ச்சு அடிச்சு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே போனான். அன்னிக்குப் பூரா இருந்த ஸ்பேரெல்லாம் மாத்துனான். பத்தல.

அடுத்த நாள் கமிட்டி வந்துச்சு. மூணு பேரு. டீ கொடுத்தோம். சார் பழைய கதையெல்லாம் நல்லாச் சொன்னாரு. அவங்களும் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தரு, "நவராத்திரி பூரா ஓடிச்சுன்னு சொல்றீங்களே, அப்புறம் எப்படி நின்னுச்சு?"ன்னாரு. "பூஜைக்காக ஒரு நாள் நிறுத்தி வச்சோம்"னாரு சார். "யாரு நிறுத்துனது?"ன்னாரு அவரு. யாரும் பேசல. அமைதியா இருந்தா எனக்குத்தான் ஆகாதே. "இம்தியாஸ், சார்"னேன். பொய்யாக்கா? ஸ்விட்சைத் தொட்டது அவன்தானே? "முழுப்பேரு?"ன்னாரு. "இம்தியாஸ் அகமது"ன்னேன். "ஓ"ன்னாரு. கொஞ்சம் இழுத்து, "ஓ..."ன்னு. பக்கத்துல இருந்தவரு குனிஞ்சு டீயைப் பாத்தாரு. அவ்வளவுதான், அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கல. பொட்டு வச்சது யாருன்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன், எனக்கென்ன பயம். அவங்க கேக்கவே இல்லையே.

இம்தி அங்கதான் பீரோ பக்கத்துல நின்னுட்டு இருந்தான். டார்ச்சை அணைச்சு பாக்கெட்டுல போட்டுக்கிட்டான்.

ஆனா பாருங்க, கமிட்டி நல்ல மாதிரி. பொங்கல் லீவு முடியற வரைக்கும் டைம் கொடுத்துட்டாங்க. அதுக்குள்ள ஓடுனா ஹாலு எங்களுக்கு. நான் சும்மா இருப்பேனா? இன்ஸ்டாவுல கத்து கத்துன்னு கத்தி, எங்கெங்கயோ இருந்து பழைய ரேடியோ வால்வு அனுப்ப வச்சுட்டேன். காரைக்குடில இருந்து ஒருத்தரு ஒரு மூட்டையே அனுப்பியிருக்காரு. காலை நீட்டாதீங்க, மேசைக்கு அடியில இருக்கறது அந்தப் பெட்டிதான். எல்லாம் ரெடி. ஆனா எதை எங்க மாட்டணும்னு எனக்குத் தெரியாது. அவனுக்குத்தான் தெரியும்.

அவன் வர மாட்டேங்கறான்க்கா.

கமிட்டி வந்த நாளோட சரி. போத்தனூர் போயி அத்தா கடையில உக்காந்துட்டான். நான் மெசேஜ் மேல மெசேஜ் போடறேன். "இம்தி, மூட்டை வந்துருச்சு." பதிலுக்கு ஒரு கட்டை விரல் படம். "இம்தி, எப்ப வர்ற?" பாக்கறேன்னு ஒரு வார்த்தை. நேத்து மீன் பொரிச்ச போட்டோ ஸ்டேட்டஸ் வச்சிருக்கான். மீன் பொரிக்க நேரம் இருக்கு. எனக்குக் கோவம் வராதா? அதான் இன்னிக்கு நல்லாப் பெரிசா ஒண்ணு டைப் பண்ணி வச்சிருக்கேன். உங்களுக்குப் படிச்சுக் காட்டறேன். "தப்பு உன் பேர்ல இருக்கும்போது நீ எதுக்குடா முறுக்கிக்கற? அன்னிக்கே வாயத் தொறந்து சத்தமாச் சொல்லியிருந்தா இது எதுவும் நடந்திருக்காது. எல்லார் முன்னாடியும் கேட்டாங்கல்ல, அப்ப ஏன் கத்தல?" எப்படி? கரெக்ட்தானே? அனுப்பிரட்டுமா?

என்னக்கா?

நானா? நான் ஏன் கத்தலன்னா? நான் எதுக்குக்கா கத்தணும், அவன்தானே...

ஆமா, என்கிட்டச் சொன்னான். படியில. சொன்னானே, இப்பத்தானே சொன்னேன் உங்ககிட்ட.

நான் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒண்ணும் ஆயிருக்காது. "சாமி விஷயத்துல வெளயாடாத கண்ணு"ன்னு சார் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரு. நான் அடம் புடிச்சிருப்பேன். நான் அடம் புடிக்கறது அந்த டிபார்ட்மென்ட்டுக்கே பழக்கம். முனுசாமி அண்ணன் சிரிச்சிருப்பாரு. "விடுங்க சார், நானும் சில நேரம் இன்ஜினை ஓட விட்டுத்தான் பஸ்ஸுக்குச் சூடம் காட்டறேன்"னு அவரே எடுத்துக் கொடுத்திருப்பாரு. மெஷினு ஓடிட்டே இருந்திருக்கும். என்னை யாருக்கா என்ன சொல்லப் போறாங்க? சௌபி கத்தறா, வழக்கம்தானேன்னு போயிருப்பாங்க.

அவன் கத்தியிருந்தா...

எல்லாரும் அவனையே பாத்துட்டு இருந்தாங்க. சாமி கும்பிட வந்த அவ்வளவு பேரும். அணைக்காதீங்கன்னு அவன் சொல்லியிருந்தா, அவங்க...

பாப்பா பேரு என்ன சொன்னீங்க? இல்ல, தெரியும், எழுதி வச்சிருக்கேன். விழா நாள், தை மாசம். நல்ல நேரம்... நல்ல நேரம்னு ரெண்டு தடவை அடிச்சுட்டேன். பாருங்க. அழிக்கறேன்.

"முழுப்பேரு?"ன்னு கேட்டாரேக்கா. நான் எழுந்து நின்னு சொன்னேன். சத்தமா. அவன் அங்கயே நிக்கறான்.

உங்களுக்கு அவசரமாக்கா? பஸ்ஸு எத்தனை மணிக்கு? சரி. ஒரு அஞ்சு நிமிஷம். இந்த மெசேஜை மொதல்ல அழிச்சுடறேன். இது மெசேஜ்ல ஆகற காரியம் இல்ல.

ரிங் போகுது. எடுக்க மாட்டான். பாருங்க, எடுக்க மாட்டான், நான் பண்ணா எடுக்கறதே இல்ல...

இம்தி?

நான்தான், சௌபி. இல்லடா. இல்ல, மெஷினு விஷயமா கூப்பிடல.